பின்சக்கரத்தில் வந்த சத்தம்

வியாழக்கிழமை மெக்கானிக் என் காரின் வலது பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். இரண்டு பிரேக் ஷூவிலும் மேலே ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்து போயிருந்தது. ஒன்றில் இரும்பே வெளியே தெரிந்தது. ஒரு வாரமாக பிரேக் மிதிக்கும்போதெல்லாம் தகரத்தைத் தரையில் இழுப்பது போல் கேட்ட சத்தம் அதுதான். அடுத்த பக்கமும் இப்படித்தான் இருக்கும், நாலு ஷூவும் மாற்ற வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போனால் திங்கட்கிழமை தருகிறேன் என்று தெலுங்கில் சொன்னார்.

சனிக்கிழமை நாங்கள் திருமலைக்குப் போவதாக இருந்தது. என் பேத்திக்கு முதல் மொட்டை. தரிசனச் சீட்டு எப்போதோ எடுத்தாகிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் அங்கிருந்து பஸ்ஸில் நேராக மலைக்கு வந்துவிடுவார். என் மகள், குழந்தை, மனைவி, மனைவியின் அண்ணன் ஆகியோரை நான்தான் காரில் அழைத்துப் போக வேண்டும். மலையில் ஏறுவது பெரிதில்லை. இறங்கும் வழியில் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கால் பிரேக்கிலேயே இருக்கும்.

இதை மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாளைக்கே செய்து தருகிறேன் என்றுகூட அவர் சொல்லியிருப்பார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் நடுவில் நின்று ஒன்றைக் கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. சரி என்று தலையாட்டினேன். சக்கரத்தை மாட்டச் சொன்னேன். நேராக ரேணிகுண்டா ரோட்டில் இருக்கும் ஸ்பேர் கடைக்குப் போய், ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, பின்பக்கத்து பிரேக் ஷூ ஒரு செட் வாங்கிக்கொண்டு ஏர்பேட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நானே மாற்றிவிடலாம் என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இப்போது பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். அதற்கு முன்பு அதே கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கிறவர்களோடு சில வருடம் இருந்தேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் டிரம் பிரேக் மாற்றுவதை போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"இன்னாங்க சொன்னான் மெக்கானிக்கு?"

"சத்தம் வருது இல்ல, அத்த சரி பண்ணணும். நானே பண்ணிட்றேன்."

அவ்வளவுதான் சொன்னேன். லைனிங் தேய்ந்ததையும் இரும்பு தெரிந்ததையும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள், மலைக்கு வேறு வண்டி பார் என்பாள், அதற்கும் நான்தான் நாலு பேரிடம் போய்ப் பேச வேண்டும். ஷூ இருந்த அட்டைப்பெட்டியை அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். "நாளிக்கி வெள்ளிக்கெழம. சாமிகிட்ட வெச்சுட்டுத் தரேன்" என்று உள்ளே கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். வாசலில் சமமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். இடது பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே மரக்கட்டையும் கொடுத்தேன். இடது பக்கத்துச் சாமான்களை வைக்கத் தெலுங்கு பேப்பர் ஒன்று, வலது பக்கத்துக்குத் தமிழ் பேப்பர் ஒன்று. இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். கலந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன்.

இடது பக்கத்து டிரம் வரவில்லை. துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் இருக்கும் இரண்டு துளைகளிலும் போல்ட்டை முடுக்கி, இந்தப் பக்கம் அரைச்சுற்று அந்தப் பக்கம் அரைச்சுற்று என்று மாற்றி மாற்றித் திருகியபோது, டொக் என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. உள்ளே முழுக்கக் கருப்புத் தூள். அதை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று பார்த்திருந்தேன். அப்படியே துடைத்தேன்.

அந்த நேரத்தில்தான் நகரியிலிருந்து மச்சான் வந்து இறங்கினார். மனைவியின் அண்ணன். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறார். தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே பேசிப் பழகியவர் என்பதால் வீட்டு வாசலில் நின்று பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா மாப்ள, கார ஆபரேஷன் பண்ணிக்கினு கீறே? பொழைக்குமா?"

"பொழைக்கும் மச்சான்."

"நாளிக்கி மலைக்குப் போவறதுக்குள்ள எல்லாத்தையும் உள்ள வெச்சு மூடிடுவ இல்ல? ஒண்ணு ரெண்டு மீந்துச்சுன்னா எங்கிட்ட குடு. தறிக்கு ஆவும்."

நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மேல் ஸ்பிரிங்கை நோஸ் பிளேயரால் இழுத்தேன். அது கையிலிருந்து தெறித்துப் பறந்தது. காதை ஒட்டிப் போன காற்று எனக்குத் தெரிந்தது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கால்மணி நேரம் தவழ்ந்து தேடி, செருப்பு அடுக்கும் பலகைக்கு அடியில் கண்டுபிடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மச்சான் நாற்காலியில் இல்லை. கார்க் கதவு திறந்திருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பிரேக்க அமுக்கிக் காட்றேன், நீ அங்க இன்னா அசையுதுன்னு பாரு மாப்ள."

"அமுக்காதீங்க!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டிரம் இல்லாதபோது பெடலை மிதித்தால் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிரேக் ஆயில் எல்லாம் கொட்டிவிடும். அதோடு சனிக்கிழமை மலைப் பயணமும் முடிந்துவிடும். மச்சான் காலை அப்படியே தூக்கிவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மகள், "நைனாவா கத்துச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"இன்னா மாப்ள, கொலை உழுந்தாப்பல கத்தறே?" என்று சொல்லிக்கொண்டே மச்சான் மெதுவாக இறங்கினார். நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மனைவி புது ஷூ இரண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். முதுகுப் பக்கத்து இரும்பில் காய்ந்த குங்குமம் ஒரு பொட்டு. வாங்கி மாட்டினேன். ஹேண்ட் பிரேக் கம்பியைப் பழைய ஷூவிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. போனில் பார்த்ததை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டேன். டிரம்மைப் போட்டுக் கையால் சுற்றினேன். லேசாக உரசிக்கொண்டு சுற்றியது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த உரசல் சத்தம் மச்சான் காதில் விழுந்துவிட்டது.

"தோ, இப்பவே சத்தம் போடுது பாரு. புதுசுன்னாலும் காஞ்சு கெடக்குது இல்ல, அதான். தறியிலயும் இப்பிடித்தான். காஞ்ச தோல மாட்டினா ஊரே எழுந்துக்கும்."

அவர் சொன்னது வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கும். இது அப்படி இல்லை மச்சான் என்று சொல்லியிருக்கலாம். வேலை நடுவில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர் பத்துக் கேள்வி கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

சாப்பிட்டு எழுந்து வலது பக்கத்தைத் தூக்கினேன். மச்சான் உள்ளே ஃபேனுக்கு அடியில் படுத்துவிட்டார். இந்தப் பக்கம் சீக்கிரம் நடந்தது. மிச்சம் இருந்த இரண்டு ஷூவைக் கேட்டபோது மனைவி உடனே தரவில்லை. "தோ வரேன், தோ வரேன்" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்தாள். காலையில் வந்தவற்றைவிட இவற்றின் லைனிங் கொஞ்சம் கருத்தாற்போல் தெரிந்தது. வெயில் மறைந்து நிழலில் இருந்ததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். விளக்கெண்ணெய் வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் அவள் கையில் எப்போதும் வரும் வாசனைதான். மாட்டி மூடினேன். இரண்டு பேப்பரிலும் ஒன்றும் மீதியில்லை. மனதுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பெடலைப் பலமுறை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டு இழுத்து விட்டுப் பார்த்தேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். வண்டி நின்றது. சத்தம் இல்லை. ஆனால் ஹேண்ட் பிரேக்கைச் சரிவில்தான் சோதிக்க வேண்டும். எங்கள் தெரு முடியும் இடத்தில் ஏரிக்கரைக்கு ஒரு ஏற்றம் இருக்கிறது. அந்த ஏற்றத்தின் ஓரத்தில் டீக்கடை. சாயங்கால நேரம் அங்கே எப்போதும் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி பின்னால் உருண்டால் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். "ஏமன்னா, சொந்த மெக்கானிக்கா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். ஏற்றம் வரை போனேன். பெஞ்சு நிறைந்திருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

"எல்லாம் ஆச்சா மாப்ள?" என்று மச்சான் கேட்டார்.

"ஆச்சு மச்சான்."

"மலையில எறங்கும்போது நிக்கும் இல்ல?"

"நிக்கும்."

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மச்சான் என் பக்கத்தில். பின்னால் மனைவியும், மடியில் குழந்தையோடு மகளும். குழந்தை என் தலைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி என் காதைப் பிடிக்கப் பார்த்தது. மகளுக்குக் கூடப் பிறந்த தம்பியோ அண்ணனோ கிடையாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எடுக்க வேண்டிய மொட்டையை என் மடியில் வைத்தே எடுப்பது என்று பேசியிருந்தார்கள். அதனால் நான் புது வேட்டி கட்டியிருந்தேன்.

ரேணிகுண்டா தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் பிரேக் மிதித்தபோது வண்டி இடது பக்கம் லேசாக இழுத்த மாதிரி இருந்தது. ரோடு சரிவாக இருக்கலாம். அடுத்த தடவை மிதித்தபோதும் அப்படித்தான். புது ஷூ டிரம்மோடு சேர்ந்து பழகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் இருக்கலாம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நான் வலது பக்கத்தை மனதுக்குள் மறுபடி கழற்ற ஆரம்பித்தேன். மேல் ஸ்பிரிங்கின் நீளமான கொக்கி முன்பக்கம்தானே? ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் திருப்பிப் போட்டுவிட்டேனா? கீழ் ஸ்பிரிங் தகட்டுக்குப் பின்னால் போனதா, முன்னால் போனதா? ஒவ்வொன்றும் சரியாகத்தான் போட்டேன் என்று தோன்றும். அடுத்த கணமே சந்தேகம் வரும். மச்சான் ஏதோ நகரிக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். நான் ம் கொட்டினேனே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை.

திருப்பதி ஊருக்குள் சிக்னலில் நிற்கும்போது ஒரு வாசனை வந்தது. எண்ணெய் காய்வது போல.

"எங்கியோ வடை சுடறான்" என்றார் மச்சான்.

அலிபிரியில் சோதனைக்கு எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் போனார்கள். வண்டியை ஓட்டி வருகிறவர் மட்டும் வேறு வரிசை. குழந்தை மகளின் தோளில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக் கையாட்டியது. என் முறை வந்தபோது காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். அந்த இடம் மலை அடிவாரம். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் ஒன்று இருக்கிறது. கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக மேலே இழுத்துவிட்டு இறங்கினேன்.

நான் டிக்கிப் பக்கம் இரண்டு அடி வைத்தேன். டிக்கி எட்டாமல் தள்ளிப் போனது.

"ஓய்! பண்டி எனக்கி போதாந்தி!" என்று காவலர் கத்தினார். வண்டி பின்னால் போகிறது என்று அவர் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. பின்னால் ஒரு வேன் நின்றிருந்தது. வேனுக்கும் என் காருக்கும் நடுவில் ஓர் அம்மாள் குனிந்து, அவிழ்ந்த மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு ஓடி, பாதி உடம்பை உள்ளே போட்டு, கையாலேயே பெடலை அமுக்கினேன். வண்டி நின்றது. அந்த அம்மாள் நிமிரவே இல்லை. மூட்டையைக் கட்டி முடித்து, தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனாள்.

காவலர் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தார். "ஹேண்ட் பிரேக் லேதா?" என்று கேட்டார்.

இருக்கிறது சார் என்று சொல்லத்தான் வாய் வந்தது. முதல் கியரில் போட்டுவிட்டு, சிரித்து மழுப்பி, கேட்டைத் தாண்டியிருக்கலாம். அந்தப் பக்கம் என் வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள். "சரிக்கா பட்டலேது சார்" என்றேன். சரியாகப் பிடிக்கவில்லை என்று. ஓரமாக விடச் சொன்னார். விட்டேன். கல் வைத்தேன். இறங்கி வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

டிரம்மின் விளிம்பிலிருந்து சக்கரத்தின் உள்வட்டம் வரை மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று வழிந்து தூசியோடு ஒட்டியிருந்தது. விரலால் தொட்டேன். வழவழப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். சிக்னலில் வந்த அதே வாசனை. விளக்கெண்ணெய்.

வண்டி வரவில்லையே என்று அவர்களே திரும்பி வந்துவிட்டார்கள். நான் விரலை மனைவியிடம் நீட்டினேன்.

"இது இன்னா?"

அவள் பார்த்தாள். "குங்குமம்."

"எண்ணெய் எப்பிடி வந்துச்சு?"

"நீங்கதான சத்தம் வருதுன்னு சொன்னீங்க. அண்ணனும் காஞ்சு கெடக்குதுன்னுச்சு. கொழந்த போற வண்டியாச்சேன்னு அந்தக் கடைசி ரெண்டுக்கும் வெளக்கெண்ணெ தடவி ஊற உட்டேன். பொட்டும் எண்ணெயிலயே கொழச்சு வெச்சேன். அப்பால நீங்க கேட்டங்காட்டி தொடச்சுட்டுக் குடுத்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, தடவக் கூடாதா?"

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவள் பிறந்த வீட்டில் தறிக்குப் புதுத் தோல் வாங்கினால் இதைத்தான் செய்வார்கள். ஊடைநூலோடு ஓடும் நாடாவை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அடித்துத் தள்ளுகிற தோல் துண்டு அது. எண்ணெயில் ஊறவைத்து, எண்ணெய்க் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன் வைத்து எடுத்த பிறகுதான் தறியில் ஏறும். காய்ந்த தோலைப் போட்டால் கிறீச்சிடும், வெடிக்கும். கல்யாணமான புதிதில் நானே நின்று பார்த்திருக்கிறேன். பிரேக் லைனிங்கும் பார்க்கத் தோல் மாதிரிதான் இருக்கும். அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தை அவள் செய்தாள். சத்தம்தான் நோய் என்று அவளிடம் சொன்னது நான்.

"அது உரசித்தான் நிக்கணும். எண்ணெ பட்டா வழுக்கும். நிக்காது" என்றேன்.

மச்சான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செரி, முன் பிரேக்கு நல்லாத்தான கீது? ஏறும்போது பிரேக் எதுக்கு மாப்ள? எறங்கும்போது ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுக்கினு, கோவிந்தா கோவிந்தான்னு மெதுவா எறங்கிட்டா போவுது. நேரம் ஆவுது பாரு. மருமவன் அங்க வந்து நின்னுக்கினு கீறான்."

எனக்கும் அந்த ஆசை ஒரு நொடி வந்தது. ஏறிவிடலாம். இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாளின் குனிந்த முதுகு கண் முன்னால் வந்தது.

"வண்டி மேல போவாது மச்சான்."

"இன்னாபா நீ..."

"தப்பு என்னுது. ஷூ முழுசா தேஞ்சு போச்சுன்னு மெக்கானிக்கு வியாழக்கெழமையே சொன்னான். நான் யாருக்கும் சொல்லல. ஏரிக்கரை ஏத்தத்துல நிறுத்திப் பாக்கணும்னு தெரியும். பெஞ்சுல ஆளுங்க ஒக்காந்துக்கினு இருந்தாங்கன்னு பாக்காம வந்துட்டேன். கொழந்தைய வெச்சுக்கினு இந்த வண்டிய நான் மலையில எறக்க மாட்டேன். பஸ்ஸுல போலாம்."

இவ்வளவு நீளமாக மச்சானிடம் நான் பேசியதில்லை. காவலரும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். மச்சான் வாயைத் திறந்தார். அதற்குள் மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

"நட மாமா. நைனா வாயத் தொறக்கறதே வருஷத்துக்கு ஒருவாட்டி. தொறந்தா கேட்டுக்கணும்."

காவலர் காட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, பஸ் ஏறினோம்.

மேலே எல்லாம் நல்லபடி நடந்தது. என் மடியில் உட்கார்ந்த குழந்தை, கத்தி தலையில் பட்டதும் ஒருமுறை விசும்பியது. பிறகு தண்ணீர் வழிவதை வேடிக்கை பார்த்தது. சந்தனம் பூசிய தலையை என் மகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மனைவி மட்டும் எதையும் வாயில் போடவில்லை. பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். துன்னு என்று மச்சான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

இறங்கும்போது மருமகனும் சேர்ந்து ஆறு பேர் பஸ்ஸில். ஒவ்வொரு வளைவிலும் பஸ் மூச்சை இழுத்து வேகத்தைக் குறைத்தது. ஜன்னலுக்கு வெளியே தடுப்புச் சுவர் வந்து வந்து போனது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெளிச்சம். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. எடுக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு வளைவில் என் தொடையில் கை வைத்து, மெதுவாக, "இங்கதான் நிக்காம போயிருக்குமா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். அது உண்மைதான். முன் பிரேக் பிடித்தும் இருக்கலாம். தொடர்ந்து மிதித்துச் சூடேறி, அதுவும் விட்டும் இருக்கலாம்.

கீழே வந்ததும் அவர்களை நிழலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு மெக்கானிக் ஷெட்டைத் தேடி நடந்தேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைத் தெலுங்கில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஷெட்டில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் நின்று, பின்பக்க வலது பிரேக்கில் விளக்கெண்ணெய் பட்டுவிட்டது, ஷூ மாற்ற வேண்டும், குழந்தை இருக்கிறது, இன்றைக்கே வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஆமுதமா?" மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைவிட வயதில் சிறியவர். "பிரேக்குக்கு எவரன்னா ஆமுதம் பெட்டினாரு?" பிரேக்குக்கு யார் விளக்கெண்ணெய் வைத்தது என்று கேட்டார்.

நான் காரணத்தையும் சொன்னேன். தறி, தோல், குங்குமம், எல்லாம். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் பயந்தது போல ஒன்றும் ஆகிவிடவில்லை. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அவர் வந்து டிரம்மைக் கழற்றினார். உள்ளே இரண்டு லைனிங்கும் நனைந்து, மெருகு போட்டாற்போல் பளபளத்தன. கருப்புத் தூளும் எண்ணெயும் கலந்து மை மாதிரி இருந்தது. நடுவில் சிவப்பு. மனைவி என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். மெக்கானிக் அவளையும், மகள் தோளில் இருந்த மொட்டைத் தலையையும் பார்த்துவிட்டு, தமிழும் தெலுங்குமாகச் சொன்னார்.

"அக்கா, பாப்பாவுக்கு மொட்ட, பிரேக்குக்கு எண்ணெ. எண்ணெ வெக்கிற எடத்த மாத்திட்டீங்க."

காலையிலிருந்து முதல் தடவையாக அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

என் ஸ்பிரிங்கும் அட்ஜஸ்டரும் சரியாகத்தான் இருந்தன. அவர் இரண்டு புது ஷூ வரவழைத்து, டிரம்மைக் கழுவிக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார். மருமகன் பஸ்ஸில் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் காரில் ஏறினோம்.

ஏர்பேட்டில் எங்கள் வீட்டு வாசலில் நான் நிறுத்தவில்லை.

"எங்க போறே மாப்ள? ஊட்டத் தாண்டிட்டியே" என்றார் மச்சான்.

"எல்லாரும் எறங்குங்க" என்று தெரு முடிவில் அவர்களை இறக்கிவிட்டேன். தனியாக ஏரிக்கரை ஏற்றத்தில் பாதி ஏறி, நிறுத்தினேன். டீக்கடை பெஞ்சு நிறைந்திருந்தது. எட்டுப் பேர். எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கியரை நியூட்ரலில் விட்டேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பெடலிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன்.

கண்ணாடியில், கீழே, மனைவி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாகத் தள்ளி நிற்பது தெரிந்தது.

வண்டி அசையவில்லை. நான் கதவைத் திறந்து இறங்கினேன். முன்னால் வந்து நின்றேன். அப்போதும் அசையவில்லை.

மச்சான் மூச்சு வாங்க ஏறிவந்து, இரண்டு கையையும் பானெட்டில் வைத்து, பின்னால் தள்ளிப் பார்த்தார். பெஞ்சிலிருந்து ஒருவர், "ஏமன்னா, பண்டி ஸ்டார்ட் காலேதா?" என்று கேட்டார்.

"ஸ்டார்ட் எல்லாம் ஆவும்பா" என்று மச்சான் ஏரிக்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "நிக்குதான்னு பாத்துக்கினு கீறோம்."